இறந்த தந்தையும் திரும்பிய தந்தையும்

ஒரு நாவலைத் திரைப்படமாக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. மூலத்தை எழுத்துக்கெழுத்துப் பின்பற்ற வேண்டும் என்பர் ஒரு சாரார். ஏடு வேறு, திரை வேறு. ஒன்றன் சட்டம் மற்றொன்றுக்குச் செல்லாது என்பர் மறு சாரார். இரு சாரார் கூறுவதும் எனக்கு நிறைவு தருவதில்லை. சில மாற்றங்கள் வீட்டுக்கு வேறு வண்ணம் பூசுவது போன்றவை. வேறு சில, தூணை நகர்த்துவது போன்றவை. தூணை நகர்த்தினால் மேலே உள்ள உத்தரமும் கூரையும் தாமாகவே இடம் மாறிவிடும். இந்த இரண்டாம் வகை மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டையே இப் பேச்சில் ஆராய விரும்புகிறேன்.

பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் என்ற அம்மையார் 1905-ஆம் ஆண்டில் ‘எ லிட்டில் பிரின்சஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். ‘சின்ன இளவரசி’ என்று நாம் அதை அழைக்கலாம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் மூன்று நான்கு தலைமுறைச் சிறுவர் சிறுமியர் படித்து வளர்ந்த கதை அது. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஸாரா குரூ என்பவள் தாயில்லாப் பெண். அவள் தந்தை காப்டன் குரூ இந்தியாவில் பணிபுரியும் ஆங்கிலேயர். ஏழு வயதில் அவளை லண்டனில் மிஸ் மிஞ்சின் நடத்தும் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு அவர் இந்தியா திரும்புகிறார். பணக்காரர் மகள் என்பதால் பள்ளியில் அவளுக்கு ராஜோபசாரம் நடக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, அவளுடைய பதினோராவது பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி வருகிறது: நண்பர் ஒருவரின் வைரச் சுரங்கத்தில் பணத்தையெல்லாம் போட்ட தந்தை, அது மூழ்கிவிட்டது என்ற அதிர்ச்சியிலும் காய்ச்சலிலும் இறந்துவிட்டார். அன்று மாலையே ஸாராவின் பட்டாடைகள் பறிக்கப்படுகின்றன. கூரைக்கடியில் எலிகள் ஓடும் மச்சறை அவளுக்கு இருப்பிடமாகிறது. பக்கத்து அறையில் அடுக்களைப் பணிப்பெண் பெக்கி. இருவரும் விடியுமுன் எழுந்து இரவு வரை உழைக்க வேண்டும். அரைவயிற்று உணவுதான் கிடைக்கும்.

இனித்தான் ஆசிரியரின் திறமையைக் காண்கிறோம். பக்கத்து வீட்டில் நோயாளியான ஒரு பணக்காரர் குடியேறுகிறார். அவர் பெயர் காரிஸ்போர்டு. வைரச் சுரங்கத்து நண்பர் அவர்தாம். சுரங்கம் மூழ்கிவிட்டதென நம்பி, குரூவிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் ஓடியவர். பின்னர் சுரங்கம் உண்மையில் செழித்தது என்பதையும், அதற்குள் நண்பர் இறந்துவிட்டார் என்பதையும் அறிந்து மனம் உடைந்தவர். நண்பரின் மகளைத் தேடிப் பாரிசுக்கும் மாஸ்கோவுக்கும் வழக்கறிஞரை அனுப்புகிறார். அவர் தேடும் பெண்ணோ ஒரே ஒரு சுவருக்கு அப்பால் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். அவருடைய இந்தியப் பணியாளர் ராம் தாஸ் வளர்த்த குரங்கு, கூரை வழியே ஸாராவின் அறைக்குள் நுழைந்துவிடுகிறது. ஸாரா அவரிடம் இந்துஸ்தானியில் பேசுகிறாள். அவள் நிலைகண்டு இரங்கிய அவர், அவள் உறங்கும்போது அந்த அறையில் நெருப்பு மூட்டி, கம்பளம் விரித்து, உணவு வைத்துச் செல்கிறார். முடிவில் உண்மை வெளிப்படுகிறது. காரிஸ்போர்டு அவளுக்குத் தந்தையின் ஸ்தானத்தில் நிற்கிறார். காப்டன் குரூ மட்டும் திரும்பி வருவதில்லை. அவர் இறந்தவர் இறந்தவரே.

இந்தக் கடைசிச் செய்திதான் நான் சொன்ன தூண். 1939-ஆம் ஆண்டுப் படமும் 1995-ஆம் ஆண்டுப் படமும் அதைத்தான் நகர்த்தின. இரண்டிலும் தந்தை உயிரோடு திரும்புகிறார்.

இதை ‘ஹாலிவுட்காரர்களுக்குச் சோகம் ஆகாது’ என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதற்கு முன்பே, 1917-இல், மேரி பிக்போர்டு நடித்த மௌனப் படம் ஒன்று வந்தது; மார்ஷல் நீலன் இயக்கியது. அப்போது பிக்போர்டுக்கு வயது இருபத்தைந்து! பத்துப் பதினோரு வயதுச் சிறுமியாக அவர் நடித்ததை அக்கால மக்கள் வியந்து பார்த்தனர். ஸாரா தன் தோழியருக்குச் சொல்லும் அலிபாபாவின் கதையைத் தனிக் காட்சியாகவே அதில் எடுத்துக் காட்டினார்கள்.

ஷெர்லி டெம்பிள் நடித்த 1939-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கியவர் வால்டர் லாங். முழுவதும் டெக்னிகலர் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. டெம்பிளுக்கு அப்போது பத்து வயது. உலகெங்கும் புகழ்பெற்ற குழந்தை நட்சத்திரம். கதை 1899-ஆம் ஆண்டுக்கு நகர்த்தப்படுகிறது. காப்டன் குரூ, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்குச் செல்கிறார். மேஃபெகிங் முற்றுகையில் அவர் மாண்டார் என்றும், சொத்துக்களை எதிரிகள் பறித்துக்கொண்டனர் என்றும் செய்தி வருகிறது. ஸாரா அதை நம்ப மறுக்கிறாள். காயமடைந்த வீரர்கள் கொண்டுவரப்படும் மருத்துவமனைக்கு மீண்டும் மீண்டும் ஓடித் தந்தையைத் தேடுகிறாள். அங்கே விக்டோரியா மகாராணியையே சந்தித்து உதவி பெறுகிறாள். இறுதியில் நினைவிழந்து கிடக்கும் தந்தையைக் காண்கிறாள். அவள் குரலில் அவருக்கு நினைவு திரும்புகிறது.

கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கண்ணீருக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் விலை காரிஸ்போர்டு. தந்தை உயிரோடு இருக்கும்போது, தந்தையின் இடத்தை நிரப்ப ஒருவர் எதற்கு? ஆகவே அவர் கதையிலிருந்தே மறைகிறார். பக்கத்து வீட்டில் ஒரு பிரபு இருக்கிறார். ராம் தாசும் இருக்கிறார். இரவில் மச்சறை மாளிகை போல் மாறுவதும் நடக்கிறது. ஆனால் நாவலில் அந்த உதவிக்குப் பின்னே ஒரு மனிதனின் குற்ற உணர்வு இருந்தது. நண்பனைக் கைவிட்டவன், அவன் மகள் என்று அறியாமலேயே அவளுக்குக் கம்பளம் அனுப்புகிறான் என்பதுதான் அந்தக் காட்சிகளின் உயிர். படத்தில் அது வெறும் தயாளமாகிவிடுகிறது. தவறு செய்த பெரியவர் ஒருவர் குழந்தையைத் தேடி அலையும் கதை, குழந்தை பெரியவரைத் தேடி அலையும் கதையாகத் தலைகீழாகிவிட்டது.

இரண்டாவது விலை இதைவிடப் பெரிது. நாவலில் ஸாராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் ஓர் இளவரசி என்று பாவனை செய்துகொள்வாள். செல்வம் இருந்தபோது அது வெறும் விளையாட்டு. கந்தல் உடுத்திய பிறகு அது ஒழுக்கமாகிறது. திட்டும்போது திருப்பித் திட்டாமல் இருப்பதற்கும், பசியில் பிறரைத் தள்ளிவிட்டு முந்தாமல் இருப்பதற்கும் அந்தப் பாவனை அவளுக்குத் துணை. பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத் அரண்மனையில் இருந்ததைவிடச் சிறையில் இருந்தபோதுதான் உண்மையான அரசியாக இருந்தாள் என்று அவள் எண்ணுகிறாள். கவனியுங்கள்: அந்த அரசி சிறையிலிருந்து மீளவில்லை. ஸாரா தேடிக்கொண்ட முன்மாதிரி, மீட்சி பெறாத ஒருத்தி.

அந்தப் பாவனை எப்போதும் பலிப்பதுமில்லை. குளிரிலும் பசியிலும் திரும்பிய ஓர் இரவில், தன் உயிர்த்தோழியாகப் பாவித்து வந்த எமிலி என்ற பொம்மையை நாற்காலியிலிருந்து அடித்துத் தள்ளுகிறாள். அது வெறும் பொம்மை, மரத்தூள் அடைத்த பொம்மை என்று கதறுகிறாள். சிறுவர் இலக்கியத்தில் இவ்வளவு நேர்மையான பக்கங்களை நான் அதிகம் கண்டதில்லை. கற்பனை பசியை ஆற்றாது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் பொம்மையை எடுத்து மீண்டும் உட்கார வைக்கிறார் ஆசிரியர்.

ஆக, நாவலின் ஸாரா ஒன்றையும் எதிர்பார்த்து நல்லவளாக இருக்கவில்லை. தந்தை வருவார் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. டெம்பிளின் ஸாராவோ காத்திருக்கிறாள். அவளுடைய பொறுமை, நம்பிக்கை உள்ளவளின் பொறுமை. இரண்டும் ஒன்றல்ல.

இப்போது 1995-ஆம் ஆண்டுப் படத்துக்கு வருகிறேன். மெக்சிகோ நாட்டவரான அல்போன்ஸோ குவாரோன் இயக்கியது. பின்னாளில், 2004-இல், ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாவது படத்தை எடுத்தவரும் அவரே. ஸாராவாக லீசல் மாத்யூஸ், மிஸ் மிஞ்சினாக எலினர் பிரான். கதை நியூயார்க் நகருக்கும் 1914-ஆம் ஆண்டுக்கும் மாற்றப்பட்டிருக்கிறது. யுத்தம் முதல் உலக யுத்தம். இம்மானுவேல் லுபெஸ்கியின் ஒளிப்பதிவு ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பள்ளிக்கூடம் முழுவதும் பச்சை நிறத்தில் தோய்ந்திருக்க, இந்தியக் காட்சிகள் மஞ்சளும் பொன்னுமாகச் சுடர்விடுவதைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

நமக்கு இப் படத்தில் தனிச்சுவை ஒன்று உண்டு. 1917-இல் அலிபாபா இருந்த இடத்தில் இங்கே இராமாயணம் இருக்கிறது. ஸாரா தன் தோழியருக்குச் சீதையின் கதையைச் சொல்கிறாள். அது திரையில் விரிகிறது. காட்டில் சீதையைத் தனியே விட்டுச் செல்லும் இராமன் அவளைச் சுற்றி ஒரு வட்டம் கீறுகிறான். வட்டத்தைத் தாண்டியவளை இராவணன் கைப்பற்றுகிறான். நம் மாணவர்கள் உடனே கேட்பார்கள்: கோடு கிழித்தவன் இலக்குவன் அல்லவா? அதைவிட நுட்பமாகக் கேட்பவர்களும் உண்டு. வால்மீகியிலும் அந்தக் கோடு இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பனின் இராவணன் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்தல்லவா எடுத்துச் செல்கிறான்? உண்மைதான். ஆனால் குவாரோன் இராமாயணத்தைப் பாடம் நடத்த வரவில்லை. அந்த வட்டம் அவருக்கு வேறொரு காட்சிக்குத் தேவைப்பட்டது. தந்தை இறந்தார் என்று கேட்ட இரவில், இருண்ட மச்சறையின் தரையில் ஸாரா சுண்ணக்கட்டியால் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதனுள் சுருண்டு படுத்துத் தந்தையை அழைத்து அழுகிறாள். பொம்மையை அடித்துத் தள்ளும் நாவலின் பக்கத்துக்கு இணையாகத் திரையில் நான் கண்ட ஒரே காட்சி இதுதான்.

இராமாயணத்தைத் தேர்ந்ததனால் மற்றொன்றும் நேர்ந்துவிடுகிறது. இப் படத்தில் இராமனாகவும் காப்டன் குரூவாகவும் நடிப்பவர் லியம் கன்னிங்ஹாம் என்ற ஒரே நடிகர். இராவணனின் நச்சுப் புகையில் இராமன் சாய்வதும், போர்க்களத்தில் விஷவாயுவில் தந்தை விழுவதும் இணைத்தே காட்டப்படுகின்றன. தந்தை இராமன் என்றால், மகள் சிறையிருந்த சீதை. இராமன் திரும்பி வராத இராமாயணம் உண்டா? ஆகவே இங்கே தந்தையின் வருகை, 1939-இல் போல ஒட்டவைத்த முடிவாகத் தோன்றவில்லை. கதையின் விதையிலேயே இருந்தது முளைத்தது போலத் தோன்றுகிறது. யுத்தம், நினைவிழப்பு ஆகிய இரண்டும் டெம்பிள் படத்தை நினைவூட்டுபவை. ஆயினும் அவற்றுக்கு ஒரு நியாயம் செய்திருக்கிறார் குவாரோன்.

பக்கத்து வீட்டுக்காரரான ராண்டால்பு என்பவர் போரில் மகனை இழந்தவர். நினைவிழந்த ஒரு வீரரை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறார், அவர்தாம் குரூ. மழையிரவில், காவலரிடமிருந்து தப்ப ஸாரா ஒரு பலகைமேல் தவழ்ந்து அந்த வீட்டுக்குள் செல்கிறாள். தந்தையைக் காண்கிறாள்; அவருக்கு இவளைத் தெரியவில்லை. மிஸ் மிஞ்சின் அவரை அடையாளம் கண்டும், இவளுக்குத் தந்தையே இல்லை என்று சாதிக்கிறாள். நாவலில் இல்லாத இந்தக் கொடுமை, நாவலை எழுதியவரே பொறாமைப்படத்தக்க கொடுமை. மகள் இழுத்துச் செல்லப்படும்போதுதான் அவருக்கு நினைவு வருகிறது.

இவ்வளவு பாராட்டியும் என் மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. இப் படத்தைப் பார்க்கும் குழந்தைகளுள் தந்தையை உண்மையிலேயே இழந்த குழந்தையும் இருக்கும். திரையரங்கில் அது கற்றுக்கொள்வது என்ன? வந்த செய்தி பொய்யாகவும் இருக்கலாம். உரக்க அழைத்தால் அப்பாவுக்கு நினைவு வரலாம் என்பதுதான். வீடு திரும்பிய பிறகு அந்தக் குழந்தைக்குத் துணை யார்? பர்னெட் அம்மையார் இதை அறிந்தவர். அவர் தந்தை இறந்தபோது அவர் சிறு குழந்தை. அதன்பின் குடும்பம் நொடித்து, மான்செஸ்டரை விட்டு 1865-இல் அமெரிக்காவின் டென்னிசிக்குக் குடிபெயர்ந்தது. 1890-இல் தம் மூத்த மகனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஸாராவின் கதையை அவர் மும்முறை எழுதினார்: 1887-88-இல் பத்திரிகையில் குறுங்கதையாக, 1902-இல் நாடகமாக, 1905-இல் விரிந்த நாவலாக. நாடகக் கொட்டகையில் கூட்டம் எதை விரும்பும் என்று அறியாதவர் அல்லர் அவர். ஆயினும் மூன்று முறையும் தந்தையை அவர் உயிர்ப்பிக்கவில்லை.

மூலத்தை ஒட்டி நடந்தவையும் இருக்கின்றன. 1986-இல் இங்கிலாந்தில் ஆறு பகுதிகளாக வந்த தொலைக்காட்சித் தொடரில் அமீலியா ஷாங்க்லி ஸாராவாகவும், மோரீன் லிப்மன் மிஸ் மிஞ்சினாகவும் நடித்தனர். காரிஸ்போர்டு, வழக்கறிஞர், தேடல் எல்லாம் அதில் உள்ளபடியே இருக்கின்றன. நாவலைப் படித்தபின் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். நேரம் இருந்ததும் அதற்கு உதவியது. ஒன்றரை மணி நேரப் படத்தில் பசி ஒரு காட்சி; ஆறு பகுதித் தொடரில் அது ஒரு வாழ்க்கை. 1985-இல் ஜப்பானியர் எடுத்த சித்திரத் தொடரோ நாற்பத்தாறு பகுதிகள் ஓடியது! வாரந்தோறும் ஸாரா துன்புறுவதைக் கண்டு ஜப்பான் மட்டுமன்றிப் பின்னர் பிலிப்பைன்சும் உருகியது. அங்கே 1995-இல் அதையொட்டித் தனிப் படமே எடுத்தார்கள். அந்தத் தொடரிலும் தந்தை திரும்பவில்லை. வேறொன்றை மாற்றினார்கள்: செல்வம் மீண்ட ஸாரா, தன்னை வதைத்த அதே பள்ளிக்குப் பெரும் பொருள் கொடுக்கிறாள். நாவலின் ஸாரா அவ்வளவு தூரம் போகவில்லை. மிஸ் மிஞ்சினிடம் திரும்பிச் செல்ல மறுப்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

மூலத்தை ஒட்டியவையே எப்போதும் மேல் என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். பெக்கியைப் பாருங்கள். அதே மச்சில், அதே குளிரில், ஸாராவுக்கு முன்பிருந்தே துன்புற்றவள் அவள். நாவலின் முடிவில் அவளுக்குக் கிடைப்பது என்ன? ஸாராவின் பணிப்பெண் என்ற பதவி. நல்ல உணவு, நல்ல உடை, அன்பான எஜமானி, ஆனால் எஜமானிதான். 1905-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு அது குறையாகவே தோன்றவில்லை. குவாரோனின் படத்தில் பெக்கி கறுப்பினச் சிறுமி; வனெஸ்ஸா லீ செஸ்டர் நடித்தார். கதை முடியும்போது அவளும் காப்டன் குரூவின் மகளாக, ஸாராவின் சகோதரியாக வண்டியில் ஏறுகிறாள். நாவலில் இளவரசித்தன்மை ஒருத்தி முயன்று காக்கும் நடத்தை. இப் படத்தில் அது எல்லாப் பெண்களுக்கும் பிறப்பிலேயே உரியது என்று ஸாரா மிஸ் மிஞ்சினிடமே வாதாடுகிறாள். அந்த வாதத்தின் பலன் பெக்கி வரை செல்கிறது. இந்த இடத்தில் படம் நாவலை மிஞ்சிவிட்டது என்றே சொல்வேன்.

இன்னும் ஒரு காட்சியைச் சொல்லி நிறுத்துகிறேன். சேறும் மழையுமான ஒரு நாள், பசியால் தள்ளாடும் ஸாரா சாக்கடையோரத்தில் நாலு பென்னிக் காசு ஒன்றைக் கண்டெடுக்கிறாள். ரொட்டிக் கடைக்காரி நான்கு பன்களுக்கு ஆறாகப் போட்டுக் கொடுக்கிறாள். வாசலில் அவளைவிடப் பசித்த பிச்சைக்காரச் சிறுமி. ஸாரா ஒவ்வொன்றாக எடுத்து அவள் மடியில் வைக்கிறாள். நான்காவதை வைக்கும்போது அவள் கை நடுங்குகிறது. ஐந்தாவதையும் வைத்துவிட்டு, ஒன்றோடு நடக்கிறாள். குவாரோனின் படத்தில் இது பூ விற்கும் ஏழைத்தாய்க்கும் அவள் குழந்தைகளுக்கும் ரொட்டி கொடுக்கும் காட்சியாகி, பதிலுக்கு ஸாராவுக்கு ஒரு பூ கிடைக்கிறது. அழகான காட்சி, ஆனால் நாவலில் பூவும் இல்லை, நன்றி என்ற சொல்லும் இல்லை. அந்தச் சிறுமி தின்பதிலேயே மூழ்கியிருக்கிறாள்.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் ஸாரா மீண்டும் அதே கடைக்கு வருகிறாள், இம்முறை வண்டியில். பசித்த குழந்தைகள் வாசலில் வந்து நின்றால் பன் கொடுத்துக் கணக்கைத் தன்னிடம் அனுப்பும்படி கடைக்காரியைக் கேட்டுக்கொள்கிறாள். 1939, 1995 ஆகிய இரு படங்களிலும் இது இல்லை. அவை தந்தையின் அணைப்போடு முடிந்துவிடுகின்றன. கடைக்காரி உள்ளே திரும்பி யாரையோ அழைக்கிறாள். அன்று ஐந்து பன் தின்ற சிறுமி, ஆன் என்று பெயர். சுத்தமான உடையில் வெளியே வருகிறாள். நாளடைவில் அவளைக் கடைக்காரி தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டாளாம். இரு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இனி வரும் குழந்தைகளுக்குப் பன் எடுத்துக் கொடுக்கும் வேலை ஆனுக்கே தரப்படுகிறது.